ஜன்னலுக்கு வந்த சட்டம்

புதுக் குடித்தனம் வைக்கிற வீட்டில் அரிசி, பருப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கடைசியாக ஒரு நாள் ஜன்னல் திரையைப் பற்றிப் பேச்சு எழும். எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்வை விழுகிறது என்பதோ, மேற்கு வெயில் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்து கொள்கிறது என்பதோ காரணமாக இருக்கும். ஜவுளிக் கடைக்குப் போனால் கடைக்காரர் பத்து இருபது துணிகளை உதறிப் போடுவார். அம்மாளுக்குப் பூப் போட்டதுதான் பிடிக்கும். ஐயாவுக்கு அழுக்குத் தெரியாத நிறம் வேண்டும். அரை மணி நேரம் தர்க்கம் நடந்து, பெரும்பாலும் பூப் போட்டதே வீடு வந்து சேரும்.

இந்தத் தர்க்கத்தில் சர்க்காருக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. ஆனால் சுமார் 300 வருஷங்களுக்கு முன், லண்டன் பட்டணத்தில் இதே தர்க்கத்தின் நடுவே பார்லிமெண்டு வந்து புகுந்தது. இன்ன துணியை வீட்டு ஜன்னலில் தொங்கவிடக் கூடாது என்று சட்டம் செய்தது. அப்படி விலக்கி வைத்த துணிகளில் முதன்மையானது நம்முடைய சோழமண்டலக் கடற்கரையிலே செய்த துணி.

அந்தக் கதைக்குப் போகுமுன் நம் வீட்டு ஜன்னலைக் கொஞ்சம் பார்த்து விடலாம். 'ஜன்னல்' என்ற சொல்லே நம்முடையதல்ல. போர்ச்சுகீசியர் தங்கள் மொழியில் சொன்ன 'ஜனெலா'தான் நம் வாயில் ஜன்னலாயிற்று. அதற்கு முன்பே நமக்குச் சாளரம் உண்டு, பலகணி உண்டு, காற்று வரும் வழி என்று பொருள்படும் காலதர் உண்டு. திரையும் உண்டு. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்ற மூன்று வகைத் திரைகள் ஞாபகம் இருக்கும். ஆனால் அவை ஆடரங்குத் திரைகள். கோயிலிலும் சுவாமிக்கு அலங்காரம் நடக்கும்போது திரை போடுவார்கள். வீட்டு ஜன்னலுக்குத் திரை என்பது நம்மவர்க்கு அவசியப்படவில்லை. முற்றம் வைத்துக் கட்டிய வீட்டில் வெளிச்சமும் காற்றும் மேலேயிருந்து இறங்கி வந்தன. தெருப் பக்கத்து ஜன்னல் சிறியது. கம்பியும் மரக் கதவும் போதும். வெயில் பொறுக்க முடியாத நாட்களில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்தால், குளிர்ச்சியும் மணமும் சேர்ந்து வந்தன. திரைக்கு வேண்டிய உலகத்திலேயே சிறந்த துணியைச் செய்தவர்கள் தங்கள் ஜன்னலைச் சும்மா விட்டிருந்தார்கள் என்பது ஒரு வேடிக்கைதான்.

குளிர் தேசத்தார் சமாசாரம் வேறு. இங்கிலாந்தில் திரை முதலில் ஜன்னலுக்கு வரவில்லை, கட்டிலுக்கு வந்தது. நாலு கால் கட்டிலைச் சுற்றிக் கனமான திரைகளை இழுத்து மூடிக்கொண்டு, அறைக்குள் ஓர் அறை செய்துகொண்டு தூங்கினார்கள். வீட்டிலே மிகவும் விலை உயர்ந்த சாமான் பல சமயங்களில் அந்தப் படுக்கைத் திரைதான். ஜன்னலுக்கு மரக் கதவு இருந்தது. திரை போட்டவர்களும் ஒரே துணியை ஒரு பக்கமாகத் தள்ளும்படி போட்டார்கள். இரண்டு துண்டாகத் தைத்து இரு புறமும் ஒதுக்குவதெல்லாம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய மாளிகைகளில் தொடங்கிய நாகரிகம்.

திரைக்கு அவர்களிடம் இருந்த துணி என்ன? கம்பளியை அந்துப் பூச்சி அரிக்கும். அடுப்புக் கரியும் புகையும் அதில் ஏறினால் இறங்காது. பட்டோ விலை அதிகம்; தண்ணீரில் போட்டால் அதோகதி. பூ வேண்டுமென்றால் ஊசியால் மாதக்கணக்கில் பின்ன வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளுக்குள்தான் கும்பெனிக் கப்பல்கள் நம் துணியைக் கொண்டு போய் இறக்கின. பருத்தித் துணி, மேலே செடியும் கொடியும் பூவும் பறவையும், தோய்த்தால் சாயம் போகாது. போகாதது மட்டுமா, சில துணிகள் தோய்க்கத் தோய்க்கத் துலங்கின. ஐரோப்பியர்களுக்கு இது மந்திர வித்தையாகத் தோன்றியது. வட நாட்டில் 'சீண்ட்' என்று சொன்ன பெயரை அவர்கள் 'சின்ட்ஸ்' ஆக்கினார்கள். நம் பாட்டிமார் 'சீட்டித் துணி' என்று சொன்னார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

1663-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அலுவலர் தம் மனைவியின் புது அறைச் சுவருக்கு இந்த இந்தியத் துணியை வாங்கினார். வெகு அழகாக இருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இரண்டு வருஷம் கழித்து ஜான் ஈவ்லின் என்ற இன்னொரு நாட்குறிப்புக்காரர், ஒரு சீமாட்டியின் விருந்துக்குப் போன இடத்தில், இந்திய மக்களின் தொழில்களையெல்லாம் சித்திரமாக எழுதிய துணி அறை முழுதும் தொங்குவதைக் கண்டு வியந்தார். கிழக்கிந்தியக் கும்பெனி 1664-ல் இறக்கிய பருத்தித் துணி இரண்டரை லட்சம் துண்டுக்கு மேல். அடுத்த 20 வருஷத்துக்குள் அது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதிலே கும்பெனியாரின் சாமர்த்தியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் போன துணிகளில் பெரும்பாலும் சிவப்புத் தளத்தில் பூ இருந்தது. லண்டனில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. 1643-லேயே அவர்கள் சூரத்தில் இருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதினார்கள்: சிவப்புத் தளம் இங்கே எடுபடவில்லை, வெள்ளைத் தளத்திலே வர்ணப் பூவும் கிளையுமாக எழுதச் சொல்லுங்கள் என்று. நம் கைவினைஞர்களும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே, 'இந்தியப் பூவேலை' என்று ஐரோப்பாவில் கொண்டாடிய வெள்ளைத் தளத்துக் கொடி, பாதி இங்கே பிறந்தது, பாதி லண்டன் கணக்குப் பிள்ளைகளின் கடிதத்தில் பிறந்தது. கடையில் துணியைப் புரட்டுகிறவர்கள் தாங்கள் பொறுக்குவதாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு முன்னமே யாரோ பொறுக்கிவிட்டுத்தான் துணி கடைக்கு வருகிறது.

அந்தத் துணியை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. வெளுத்த துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் தோய்த்துக் காயப் போடுவார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் மை பரவாமல் தடுக்கும். படம் வரைந்த காகிதத்தில் கோட்டின் மேலே துளையிட்டு, கரித்தூளைத் தட்டிப் புள்ளிகளைத் துணியில் இறக்குவார்கள். பிறகு மூங்கில் கலத்தால் கோடு எழுதுவார்கள். துரு ஏறிய இரும்பும் வெல்லமும் ஊறிய நீர்தான் மை. கடுக்காயில் பட்டதும் அது கறுத்துவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிக்காரக் கரைசலைத் தடவிவிட்டு, சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிக்காரம் பட்ட இடத்தில் சிவப்பு பற்றிக் கொள்ளும். மற்ற இடத்தில் ஏறின சாயம் சாண நீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். நீலத்துக்கு வேறு உபாயம். நீலம் வேண்டாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். அது தனி ஆட்களின் வேலை. பின்பு வெந்நீரில் மெழுகை எடுத்து, மஞ்சள் நிறத்தைக் கையாலே தீட்டினால், நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்த இடம் பச்சை இலையாகும். எல்லாம் முடிந்தபின் கஞ்சி போட்டு, சங்கால் தேய்த்து மினுக்குவார்கள். அந்த மினுமினுப்பில் தூசி எளிதில் ஒட்டாது. திரைத் துணிக்கு இதைவிட என்ன வேண்டும்!

இந்த வேலையில் ஒரே ஒரு பலவீனம் மஞ்சள். சிவப்பும் நீலமும் 200, 300 வருஷம் நிற்க, மஞ்சள் மாத்திரம் வெயிலில் முதலில் ஓடிவிடும். இன்று அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் இலைகள் பல நீலமாக இருக்கின்றன. எழுதினவன் நீல இலை எழுதவில்லை. மஞ்சள் போன பிறகு அடியில் இருந்த அவுரி தெரிகிறது. வெயில் விழும் ஜன்னலுக்குத் துணி எடுப்பவர்கள் பின்னால் ஒரு வெள்ளைத் துணியை வைத்துத் தைப்பதன் நியாயம் இதுதான்.

மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னை, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று கடற்கரை நெடுகிலும் இந்தத் தொழிலும் வியாபாரமும் நடந்தன. சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நன்றாக விளைந்தது. அதை டச்சுக்காரர்கள் தங்கள் ஏகபோகமாக்கிக் கொண்டார்கள். ஒரு சீமாட்டியின் ஜன்னலில் பூத்த சிவப்புப் பூவுக்கு வேர் அங்கே மணலில் இருந்தது.

சரி, சண்டைக்கு வருவோம். இந்தத் துணி இங்கிலாந்தில் பரவப் பரவ, உள்ளூர்க் கம்பளிக்காரர்களுக்கும் பட்டு நெசவாளர்களுக்கும் வயிறு காய்ந்தது. 1697-ல் லண்டன் நெசவாளர்கள் கூட்டமாகப் போய்க் கும்பெனி மாளிகையைத் தாக்கினார்கள். 1700-ல் ஒரு சட்டம் வந்தது: இந்தியாவில் சாயமிட்ட, அச்சடித்த, எழுதிய பருத்தித் துணிகளை இங்கிலாந்தில் உபயோகிக்கக் கூடாது, கும்பெனி கொண்டு வந்தால் கிடங்கில் வைத்து வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்து விட வேண்டும் என்று. வெள்ளைத் துணி மட்டும் வரலாம். வெள்ளைத் துணி வந்தது; லண்டன் அச்சுக்காரர்கள் அதில் பூவை அடித்துக் கொண்டார்கள். ஜன்னல்கள் முன் போலவே பூத்தன. 1708-ல் டேனியல் டீஃபோ — ராபின்சன் குரூசோவை எழுதினாரே, அவர்தான் — தம் பத்திரிகையில் புலம்பினார். முன்பு தரையில் விரித்த துணி இப்போது சீமாட்டிகளின் முதுகில் ஏறிவிட்டது. வீட்டுக்குள் ஊர்ந்து வந்து திரை, மெத்தை, நாற்காலி, கடைசியில் படுக்கை எல்லாமே இந்தியத் துணியாகிவிட்டது என்று.

1719-ஆம் வருஷம் கோடையில் கலவரம் முற்றியது. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி பட்டு நெசவாளர்களுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து புறப்பட்ட கூட்டம் தெருவில் பூப்போட்ட பருத்தி உடுத்தி வந்த பெண்களைத் துரத்தியது. உடையைக் கிழித்தார்கள், மையை ஊற்றினார்கள், சிலர் திராவகத்தைக் கூட வீசினார்கள். தறி ஓடாமல் குழந்தை குட்டிகளோடு பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். அந்தப் பட்டினி பொய்யல்ல. அவர்களைக் கயவர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்த் தறிக்காரர்களும் பின்னால் அதே பட்டினியைத்தான் பட்டார்கள். ஆனால் துணியைக் கொண்டு வந்தவன் கும்பெனிக்காரன். லாபம் தின்றவன் பங்குதாரன். திராவகம் விழுந்தது கடைக்குப் போய் ஒரு பாவாடை வாங்கிய பெண்ணின் மேல். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போவது கஷ்டம்.

பார்லிமெண்டு நெசவாளர் பக்கம் சாய்ந்தது. 1721-ல் சட்டம் நிறைவேறியது. 1722 கிறிஸ்துமஸ் தினத்திலிருந்து அமுல். எங்கே அச்சடித்ததானாலும் சரி, வர்ணப் பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது, வீட்டுச் சாமானுக்குப் பயன்படுத்தவும் கூடாது. படுக்கை, நாற்காலி, திண்டு, ஜன்னல் திரை என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். உடுத்தினால் 5 பவுன் அபராதம். அது காட்டிக் கொடுத்தவனுக்கே சேரும். விற்றவனுக்கு 20 பவுன். பக்கத்து வீட்டுக்காரிக்கு உங்கள் மேல் மனஸ்தாபம் இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். மஸ்லினுக்கு விலக்கு உண்டு. முழுதும் நீலமாகச் சாயமிட்ட துணிக்கும் விலக்கு உண்டு. ஆக, ஜன்னலில் நீலத் திரை போட்டால் நல்ல பிரஜை. அதே நூலில் ஒரு சிவப்புப் பூ இருந்தால் குற்றவாளி.

பிரான்சு தேசத்தில் 1686-லேயே தடை போட்டு 1759 வரை வைத்திருந்தார்கள். அங்கேயும் அரசரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி தம் மாளிகையில் இந்தத் துணியை வைத்துக் கொண்டார் என்பார்கள். தடை எப்போதும் மாளிகைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி விட்டுத்தான் போகிறது.

இனி நம் பக்கம். லண்டனில் ஜன்னல் திரையைச் சட்டம் பறித்துக் கொண்ட பன்னிரண்டாம் வருஷம், அதாவது 1734-ல், சென்னையில் கவர்னர் மார்ட்டன் பிட் ஒரு புது ஊரை ஏற்படுத்தினார். நூற்பவர்கள், நெய்பவர்கள், வெளுப்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள் எல்லாரையும் கொண்டு வந்து குடியேற்றினார். சின்னத் தறிப் பேட்டை என்ற அந்த ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. இங்கிலாந்தில் உடுத்தக் கூடாத துணிக்கு இங்கே கும்பெனியே பேட்டை அமைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளைத் துணிக்கும் மஸ்லினுக்கும் அங்கே தடையில்லை. வர்ணத் துணியை ஐரோப்பாவின் பிற தேசங்களுக்கும், அடிமை வியாபாரத்துக்காக ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பலாம். திரையாகத் தொங்கக் கூடாத துணி, மனிதரை விலைக்கு வாங்கும் நாணயமாகலாம். இதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை.

அதே காலத்தில் புதுச்சேரிப் பக்கம் இன்னொரு காரியம் நடந்தது. ப்யூலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, ஓவியர் எழுதும்போது பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு பிரான்சுக்குக் கொண்டு போனார். கெர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், கிறிஸ்தவராக மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, முறை முழுவதையும் 1742-ல் கடிதமாக எழுதி அனுப்பினார். நம் மொழிகளை ஆராய்ந்த அறிஞர் அவர். சமஸ்கிருதமும் லத்தீனும் உறவு என்று ஜோன்ஸ் துரைக்கு முன்னாலேயே எழுதியவர். அவரிடம் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவர்களும் குருவானவர் கேட்கிறாரே என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வாய்மொழியாக வந்த வித்தை அன்றைக்கு அச்சுக்குப் போய்விட்டது.

தடை இருந்த ஐம்பது வருஷமும் லங்காஷயர்க்காரன் சும்மா இருக்கவில்லை. பருத்தியில் நல்ல பாவு நூல் நூற்க அவனுக்குக் கை வரவில்லை; ஆகவே பாவுக்கு ஆளிச் செடியின் நாரில் நூற்ற லினன், ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்தான். அந்தக் கலப்புத் துணியில் பூ அடிக்க 1736-ல் அனுமதி கிடைத்தது. பிறகு ஆர்க்ரைட்டின் நூற்பு யந்திரம் வந்தது. முழுப் பருத்தி நெய்ய முடிந்தது. உடனே 1774-ல் சட்டம் மாறியது. பிரிட்டனில் நெய்த பருத்தித் துணியில் எந்தப் பூ வேண்டுமானாலும் அடிக்கலாம். உள்ளூர்த் துணி என்பதற்கு அடையாளமாகக் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் எழுதிய துணிக்கு மட்டும் பழைய தடை அப்படியே நின்றது. சட்டம் இல்லாவிட்டாலும் யந்திரம் வென்றிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் குழந்தை நடை பழகும் வரை எதிர் வீட்டுப் பையனைக் கட்டிப் போட்டு வைத்தார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

சட்டம் மாறின மறு வருஷம், 1775-ல், ஓர் அம்மாளின் திரை அகப்பட்டுக் கொண்டது. டேவிட் காரிக் என்றால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் முதல் நடிகர். தேம்ஸ் நதிக்கரையில் ஹாம்ப்டன் என்ற இடத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. சிப்பண்டேல் என்ற பேர்பெற்ற தச்சர் மரச் சாமான் செய்து கொடுத்தார். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒரு நாடகக் கொட்டகை வைத்தபோது காரிக் அவர்களுக்கு உதவி செய்தார். அதற்கு நன்றியாக அவர்கள் அவர் மனைவி ஏவா மரியாவுக்குச் சோழமண்டலக் கரையில் எழுதிய சீட்டித் துணியை அனுப்பினார்கள். அந்த அம்மாள் படுக்கைக்கும் ஜன்னலுக்கும் அதைத் திட்டமிட்டு, அதற்குப் பொருத்தமாகச் சுவர்க் காகிதம், நாற்காலி எல்லாம் தயார் செய்து வைத்தாள். திரைதான் பாக்கி. அதைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

காரிக் கஜானா இலாகாவின் செயலாளராயிருந்த கிரே கூப்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். நடிகர் அல்லவா, நடித்தே எழுதினார். விவிலியத்து ராகேல் தன் மக்களுக்காக அழுததைவிட அதிகமாக என் மனைவி அழுகிறாள். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. புருஷனுக்காக அழுபவளும் அல்ல. சீட்டிப் படுக்கைக்கும் திரைக்கும்தான் இந்த அழுகை என்று கேலியாகத் தொடங்கிக் கருணை கேட்டார். கேலிக்கு உள்ளே உண்மையான துக்கம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. அறை முழுவதையும் ஒரு துணிக்காக அமைத்துவிட்டு, அந்தத் துணி வராமல் வெறும் சுவரைப் பார்த்துக் கொண்டிருப்பது குடும்பஸ்திரீக்கு லேசான காரியமா?

திரைகள் அழிந்துபோகவில்லை. அவை தொங்கிய கட்டில் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரிக் 1779-ல் காலமானார். அதற்குப் பிறகும் 43 வருஷம் அந்த அம்மாள் ஹாம்ப்டன் வீட்டைக் கைவிடாமல் வைத்திருந்து, 1822-ல் 98-ஆவது வயதில் கண் மூடினாள். அப்போது கப்பல்களின் போக்கே மாறியிருந்தது. 1814-ல் பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த பருத்தித் துணி 10 லட்சம் கஜத்துக்கும் குறைவு; 1835-ல் 5 கோடி கஜத்துக்கு மேல். அச்சடித்த பூவும் கொடியுமாக அது சென்னைக் கடற்கரையிலும் வந்து இறங்கியது. நம்மவர்கள் அதற்குச் சீமைத் துணி என்று பெயர் வைத்து, முழம் போட்டு வாங்கினார்கள்.